வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லையா? பக்கத்தில் உட்காருங்கள்

(இதழின் ஒலிப்பகுதிக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரை இப்போது உங்கள் செல்போனில் இருக்கிறது. மேலே படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். போனில் புதிய எண் சேர்க்கும் இடத்துக்குப் போய் 14416 என்று டைப் செய்யுங்கள். பெயர் என்ற இடத்தில் 'மனநல உதவி' என்று போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. இன்றைக்கு அது உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். ஆம்புலன்ஸ் எண்ணை நாம் எல்லாரும் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறோம் இல்லீங்களா? அதுபோல இதுவும் இருக்கட்டும்.

நான் செய்தித்துறையில் எழுதுகிற பெண். பட்டா மாறுதலுக்கு எங்கே விண்ணப்பிப்பது, ரேஷன் கார்டில் பெயர் எப்படிச் சேர்ப்பது, வருமானச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று உங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை. இந்த 14416 பற்றியும் ஒருமுறை வாட்ஸ்அப்பில் பகிர்வதற்கான அட்டை எழுதினேன். மொத்தம் எட்டு வரி. கடைசி வரி, "உதவி கேட்கத் தயங்காதீர்கள்." எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அதே மாதத்தில் ஊரில் என் அப்பா சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போன் பேசுகிற எனக்கு அது தெரியவில்லை. இல்லை, தெரிந்தது. அது என்னவென்று புரியவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

பேசலாமா என்று அப்பாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். "தாராளமாப் பேசு பாப்பா. பேரையும் ஊரையும் மட்டும் போட்டுராத" என்றார். அதனால் இரண்டும் இதில் வராது.

அது எப்படி வந்தது

அப்பா தையல்காரர். ஒரே கடையில் 30 வருஷத்துக்கு மேல். கடை இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாக உரிமையாளர் சொன்னார். ஏற்கெனவே ரெடிமேட் வந்து தொழில் பாதியாகிவிட்ட நேரம். புதுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. மெஷினை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். "வீட்டிலிருந்தே தைக்கிறேன்" என்றார் அப்பா.

இரண்டு மாதம் தைத்தார். பிறகு குறைந்தது. பிறகு மெஷின் மேல் துணி போர்த்தி மூடிவிட்டார். கேட்டால் "வயித்துல ஒரு மாதிரி இருக்கு", "தலை பாரமா இருக்கு" என்பார். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை என்று வந்தது. அம்மா கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். சித்தப்பா வந்து, "என்னண்ணே, ஆம்பளை இப்படி மூலையில உட்காரலாமா? எந்திரிச்சு நாலு பேரைப் பாருங்க" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தன்னம்பிக்கை வீடியோக்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு நீல டிக் விழும். பதில் வராது.

நாங்கள் யாருமே அவர்மேல் பாசமில்லாதவர்கள் கிடையாது. எல்லாரும் எங்களால் முடிந்ததைத்தான் செய்தோம். ஆனால் அவருக்கு என்ன ஆகிறது என்று பெயர் வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியே ஏழு மாதம் போய்விட்டது.

கவலை வேறு, மனச்சோர்வு நோய் வேறு

இங்கே வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் போடுகிறோம். ஆபீஸில் வேலை அதிகம் என்றாலும் மன அழுத்தம்தான். பல மாதமாகப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்றாலும் மன அழுத்தம்தான். முதலாவது சூழ்நிலை தரும் நெருக்கடி. இரண்டாவது நோய். அதை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள்.

மருத்துவர்கள் பார்க்கிற முக்கியமான அளவு இரண்டு வாரம். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம் மனசு பாரமாக இருப்பது, அல்லது முன்பு பிடித்த எதிலுமே பிடிப்பில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு சேர்ந்து தூக்கம் கெடலாம், அல்லது தூக்கம் ரொம்பக் கூடலாம். பசி மாறலாம், எடை மாறலாம். எதற்கெடுத்தாலும் அசதி. ஒரு விஷயத்தில் கவனம் நிற்காது. "என்னால யாருக்கும் பிரயோஜனம் இல்லை", "எல்லாம் என் தப்பு" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். சாவைப் பற்றிய நினைப்பும் வரலாம்.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் இப்படி வாய் திறந்து சொல்லப்படுவதில்லை. அப்பாக்கள் "வயிறு சரியில்லை" என்பார்கள். அம்மாக்கள் "உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்குது" என்பார்கள். கல்லூரிப் பையன் எரிந்து விழுவான், கதவைச் சாத்திக்கொள்வான். பிரசவமான பெண், "பிள்ளையைத் தூக்கவே தோணலை" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுவாள். இவை எல்லாவற்றுக்கும் மனச்சோர்வுதான் காரணம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இதே மாதிரி அசதியைத் தரும். அதனால்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

இது அபூர்வமான நோயும் இல்லை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருக்கிறார் என்று அந்த ஆய்வு சொன்னது. நோய் இருந்தும் சிகிச்சைக்கு வராதவர்கள் சுமார் 85 சதவீதம் என்றும் சொன்னது. உங்கள் தெருவில் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் சொன்னதும், சொல்லியிருக்க வேண்டியதும்

"உனக்கு என்ன குறை?" என்று அம்மா கேட்டார். ஆறுதலுக்காகக் கேட்டதுதான். ஆனால் அப்பா பிறகு ஒருநாள் சொன்னார்: "குறை எதுவும் இல்லாமலே இப்படி இருக்கேன்னா நான்தான் கெட்டவன்னு நினைச்சேன்."

"உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்பதும் அப்படித்தான். கால் முறிந்தவரிடம் போய், ரெண்டு காலும் முறிந்தவரைக் காட்டுகிற மாதிரி. வலி குறையாது. வெட்கம்தான் கூடும்.

"தைரியமா இருங்க", "மனசை மாத்திக்கோங்க", "எந்திரிச்சு நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்று நானும் சொன்னேன். நடப்பது நல்லதுதான், உடற்பயிற்சி உதவுகிறது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாத ஆளிடம் "நடங்க" என்று போனில் சொல்வதற்கும், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று "நான் கடை வரைக்கும் போறேன், கூட வரீங்களாப்பா?" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட சில வாக்கியங்கள் இருக்கின்றன. "கொஞ்ச நாளா நீங்க முன்ன மாதிரி இல்லைன்னு எனக்குத் தோணுது. என்னன்னு சொல்லணும்னா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." "இது உங்க தப்பு இல்லை." "இப்போ பேச வேண்டாம்னா பரவாயில்லை, நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்." இவை போதும். பெரிய பேச்சுத் திறமை தேவையில்லை.

அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாதீர்கள். உடனே யோசனை சொல்லாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். இதை நான் செல்போனில் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ராத்திரி

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். அம்மா உள்ளே இருந்தார். திண்ணையில் அப்பாவும் நானும். மெஷின் மேல் போர்த்திய துணியையே பார்த்துக்கொண்டு அப்பா மெதுவாகச் சொன்னார்: "நான் ஒருத்தன் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் பாரம் குறையும் பாப்பா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்று வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, அட்டை எழுதுவதற்காக நான் படித்த குறிப்புகளில் ஒன்று ஞாபகம் வந்தது. சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே இருப்பதை வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

கேட்டேன். "அப்பா, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாப்பா?"

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சில ராத்திரி தோணுது" என்றார்.

நான் அழவில்லை, திட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொன்னதுக்கு நன்றிப்பா" என்று மட்டும் சொன்னேன். அம்மாவைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மாடிக்குப் போய் 14416-க்கு அழைத்தேன். நானே எழுதிய எண். விரல் நடுங்கியது.

மொழியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பெண் ஆலோசகர் பேசினார். "நான் நோயாளி இல்லைங்க, அவரோட மக. பேசலாமா?" என்றுதான் முதலில் கேட்டேன். "தாராளமாப் பேசுங்கம்மா" என்றார். வரிசையாகக் கேட்டார். அப்பா இப்போது தனியாக இருக்கிறாரா? எப்படிச் செய்துகொள்வது என்று ஏதாவது யோசித்திருக்கிறாரா? முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா? குடிப்பழக்கம் உண்டா? வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, நிறைய மாத்திரைகள் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா?

அம்மாவின் சர்க்கரை மாத்திரை டப்பா அலமாரியில் இருந்தது. தோட்டத்துக்கு வாங்கிய மருந்து கொல்லையில் இருந்தது. "அதையெல்லாம் இப்பவே எடுத்துப் பூட்டி வைங்க. இன்னைக்கு ராத்திரி யாராவது ஒருத்தர் அவர் கூடவே இருங்க. காலையில மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்கள் மாவட்டத்தில் எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவர்களே திரும்ப அழைத்து விசாரித்தார்கள்.

ஒன்று கவனியுங்கள். இப்படிப்பட்ட எண்ணம் வரும் தீவிரமான நேரம் பலருக்கும் அலைபோல ஏறி இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருப்பதும், பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதும் உயிரைக் காப்பாற்றும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டால் அந்த ஒரு வாக்கைமட்டும் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

14416 என்பது டெலி-மானஸ் சேவையின் எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. தமிழ் உள்பட 20 மொழிகளில், 24 மணி நேரமும், கட்டணமில்லாமல் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்கள் அல்லது பக்கத்திலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, என்னைப்போல வீட்டில் உள்ளவரும் அழைக்கலாம்.

104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். தேர்வு முடிவு வரும் காலத்தில் மாணவர்களும் பெற்றோரும் இந்த எண்ணை வைத்துக்கொள்வது நல்லது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார், எதையோ குடித்துவிட்டார் என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், 108. அப்போது ஆலோசனைக்கெல்லாம் நேரமில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

போகும்போது இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், பிறகு ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டில் எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்ன மாற்றம் என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஓ.பி. வரிசையில் நின்று உள்ளே போனதும் பாதி மறந்துபோகும்.

அப்பா வர மறுத்தார். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். சண்டை போடவில்லை. "தூக்கம் வரலைன்னு சொல்றீங்கல்ல, அதுக்கு ஒரு தடவை காட்டிட்டு வருவோம்" என்றேன். அது பொய்யும் இல்லை. தூக்கமின்மைதான் அவருக்கே பெரிய தொந்தரவாக இருந்தது. எது அவரை அதிகம் வருத்துகிறதோ அதிலிருந்தே தொடங்குங்கள். வர மறுப்பவரிடம் ஒருமுறை கேட்டு விட்டுவிடாதீர்கள். தினமும் நச்சரிக்கவும் செய்யாதீர்கள்.

மருத்துவர் அப்பாவிடம் தனியாகப் பேசினார், பிறகு எங்களைக் கூப்பிட்டார். ஒரு தாளில் இருந்த ஒன்பது கேள்விகளைப் படித்துக் காட்டிப் பதில் வாங்கினார். தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். "இது சரியாகக்கூடிய நோய்தான்" என்றார். ஏழு மாதத்தில் முதல்முறையாக அப்பா தலை நிமிர்ந்து ஒருவர் முகத்தைப் பார்த்ததை அன்று பார்த்தேன்.

மாத்திரை பற்றி

இங்கேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடன் இது வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி, வாய் உலர்தல் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது நல்லது பின்னால் வரும், தொந்தரவு முன்னால் வரும். பத்தாவது நாள் அப்பா, "இதுல ஒண்ணும் இல்லை, நிறுத்திருவோம்" என்றார். இது தெரியாமல் இருந்திருந்தால் நாங்களும் சரியென்று நிறுத்தியிருப்போம். இந்தத் தொந்தரவுகள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறைந்துவிடும். குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் வேண்டும். படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் உடனே போங்கள்.

"பழக்கமாயிடும்" என்பது எங்கள் பக்கத்து வீட்டு மாமா சொன்னது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதைபோல அடிமையாக்குவன அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி வரும். அதனால் நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நல்லாகிவிட்ட பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திரும்ப வராமல் இருப்பதற்குத்தான் அது.

மாத்திரை மட்டும்தான் சிகிச்சை என்றும் இல்லை. லேசான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சையே பலருக்குப் போதும். கடுமையான நிலையில் இரண்டும் சேர்ந்து தேவைப்படும். அதை முடிவு செய்வது மருத்துவர் வேலை.

கோவில், பிரார்த்தனை பற்றிக் கேட்பீர்கள். அப்பா கையில் அந்தக் கயிறு இன்றும் இருக்கிறது. அவருக்கு அது ஆறுதல் என்றால் இருக்கட்டும். கோவிலுக்கும் போங்கள், மருத்துவமனைக்கும் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

சின்னச் சின்னதாகச் செய்யுங்கள். "உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "காபி போடுறேன், திண்ணையில உட்கார்ந்து குடிப்போமா?" என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கிற வேலையே அவர்களுக்குப் பாரம். கேள்வியை எளிதாக்குங்கள்.

எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். அப்பாவை நாங்கள் ஒரு குவளை தண்ணீர்கூட எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். "என்னை ஒரு பொம்மை மாதிரி வெச்சிருக்கீங்க" என்று வருத்தப்பட்டார். அதன்பிறகு பால் வாங்கி வருவது அவர் வேலை என்று விட்டோம். ஒருநாள் போனார். இரண்டு நாள் போகவில்லை. மறுபடி போனார். போகாத நாளை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கடையை விற்பது, நிலத்தை விற்பது, வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குடி இந்த நோயை அதிகப்படுத்தும். வீட்டில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பிறகு, உங்களைப் பற்றி. பார்த்துக்கொள்கிறவருக்கும் அலுப்பு வரும், கோபம் வரும். அம்மா ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து, "எனக்கும் முடியலை" என்று அழுதார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து அப்பாவோடு இருப்பார், அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்வருவார். "ஆம்பளை இப்படி உட்காரலாமா" என்று கேட்ட அதே சித்தப்பாதான். விஷயம் புரிந்ததும் மனிதர்கள் மாறுகிறார்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் உங்களுக்காகவும் 14416-க்குப் பேசலாம்.

சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது, 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து நான்கு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டியது மருத்துவமனையின் கடமை. உடல்நோய்க்குக் காப்பீடு தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு 21ஆவது பிரிவு சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 115ஆவது பிரிவு சொல்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோன குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒருவரைக் கிண்டல் செய்ய "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். சினிமாவிலும் கேட்டிருக்கிறோம், நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது அரசு மனநலக் காப்பகம். 1794இல் தொடங்கிய பழமையான நிறுவனம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை தாங்கினார். ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தந்த ஓர் இடத்தின் பெயரை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அப்பா கேட்டதற்குப் பின்னால் இந்தக் கிண்டல்கள் எல்லாம் இருந்தன. அதை விட்டுவிடுவதும் நாம் செய்யக்கூடிய உதவிதான்.

இப்போது

மருந்து தொடங்கி ஐந்தாவது வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாப்பா, அந்தச் சுடிதார்ல கீழ் மடிப்பு பிரிஞ்சிருக்கு. கழட்டிக் கொடு."

மெஷின் மேல் இருந்த துணியை எடுத்தார். தூசி தட்டினார். எண்ணெய் விட்டார். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடினார், அம்மா ஓடிப்போய் எடுத்துவந்தார். பத்து நிமிஷ வேலை. தைத்துவிட்டு "அசதியா இருக்கு" என்று படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் முழுக்க மறுபடி மெஷினைத் தொடவில்லை. இந்த நோய் ஒரே ஏற்றமாகச் சரியாவதில்லை. நல்ல நாள் வரும், மோசமான நாளும் வரும்.

இப்போது வாரத்தில் நாலு நாள் தைக்கிறார். மாத்திரை தொடர்கிறது. மாதம் ஒருமுறை ஓ.பி.க்கு அவரே பஸ் ஏறிப் போய்வருகிறார். நான் அவருக்குத் தன்னம்பிக்கை வீடியோ அனுப்புவதில்லை. ராத்திரி போன் பண்ணி "இன்னைக்கு என்னப்பா தைச்சீங்க?" என்று கேட்கிறேன். "ஒண்ணும் தைக்கலை" என்றால், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேசுகிறோம்.

ஏழு மாதம் தாமதமாகத்தான் எங்களுக்குப் புரிந்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். கொஞ்ச நாளாகப் பேசாத அண்ணன், சிரிப்பு குறைந்துபோன தோழி, மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. இந்தப் பக்கத்தை அவர்களுக்கு அனுப்பிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அனுப்புவது சுலபம், நான் செய்தது அதைத்தான். போன் பண்ணுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன எண்ணைச் சேமித்தீர்களா? இல்லையென்றால் இப்போது சேமித்துவிடுங்கள். 14416.